மஜீட்டின் எஞ்சின்

வெள்ளவத்தை
11.11.1996

அன்புள்ள மகன் குகதாசனுக்கு,

அம்மாவும் நானும் பிள்ளையார் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மருமகளும் பேரனும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறா. அவவுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது, இங்கே பின்னேரமானால் மழை, பொலிசில் வீட்டு ஆட்களின் பதிவைத் திரும்பவும் புதுப்பிக்கச் சொன்னார்கள், போய்ப் புதுப்பித்தாயிற்று. மருமகள் அனுப்பிய குளிசைகள் வந்து சேர்ந்தன. இவ்வளவும் அம்மா எழுதச் சொன்னவை, இனி வருவது என்னுடையது. இதை நான் தபாலில் போடவில்லை, தபாலில் போகிறதைப் பிரித்துப் பார்க்கிறார்கள். கொட்டாஞ்சேனை மெக்கானிக் வலன்ரைனின் அக்கா கொன்ஸ்ரன்ஸ் வியாழக்கிழமை லண்டனுக்கு மகளிடம் போகிறா, அவவின் கையில் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் கிழித்துப்போடு.

நீ செப்ரெம்பரில் எழுதிய நாலு பக்கக் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் உன்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி. உன் சிநேகிதன் கொம்பனித்தெரு மஜீட்டின் ட்ரயம்ப் மோட்டார் சைக்கிளைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள், அதிலிருக்கும் எஞ்சினின் இலக்கம் உன்னுடைய பெயரில் பதிந்த இலக்கமாக இருக்கிறது, எங்கள் வீட்டுப் பின் நடையில் நிற்கும் உன்னுடைய ட்ரயம்பில் வேறு இலக்கம் இருக்கிறது, நீ எஞ்சினை மாற்றினாயா என்று கேட்டேன். வெளிநாட்டில் இருக்கும் ஒரு தமிழ்ப் பொடியனின் எஞ்சின் உன்னிடம் எப்படி வந்தது என்று அவனைக் கேட்கிறார்கள், அவன் புதுக்கடையில் அப்புக்காத்து ஒருவரின் வழக்குப் பத்திரங்களைக் கோட்டுக்கும் கந்தோருக்கும் கொண்டோடிச் சீவிக்கிறவன், சைக்கிளைப் பொலிஸ் எடுத்துவிட்டது, கெதியாகப் பதில் போடு என்றும் எழுதினேன். ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும். நீ எனக்குப் பாடம் எடுத்தாய்.

டைகர் கப் என்று ஒரு பெயரில் எத்தனையோ வகை வந்தது அப்பா, எஸ்.எச். என்றால் ரோட்டில் ஓடுகிறது, ரீ.ஆர். இருபது என்றால் கல்லுமேட்டு ட்ரயல் ஓட்டத்துக்கென்றே செய்தது, உங்களுக்கு வித்தியாசம் தெரியாது, நான் சொல்கிறபடி பாருங்கள் என்று தொடங்கி, புகைக்குழாய் மேலே தூக்கி வளைந்திருக்கிறதா, சீற் ஒடுக்கமா, எண்ணெய்த் தாங்கி சின்னதா, முன் சில்லு பெரிதா, பற்றரி இல்லையா, மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் எத்தனை விரல் போகும் என்று கேட்டிருந்தாய். அறுபத்தாறு வயதில் சாரத்தை மடித்துக் கட்டி, ரோச் லைற்றை வாயில் கவ்விக்கொண்டு, சீமெந்து நிலத்தில் மல்லாந்து கிடந்து அத்தனையும் பார்த்தேன். அத்தனையும் நீ எழுதியபடியே இருந்தது. அப்படி இருந்தால் இது ஒறிஜினல் ரீ.ஆர். இருபது, எஞ்சினும் என்னுடையதுதான், பதிவுக் கந்தோர் கிளாக்கர் வகை தெரியாமல் பிழையான இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டார் என்று முடித்திருந்தாய். பக்கப் பெட்டியில் இருக்கும் 'டைகர்' என்ற எழுத்தில் கை வைக்கவேண்டாம், அதைச் சுரண்டினால் பெறுமதி போய்விடும் என்று கட்டளை வேறு. அந்தச் சொல்லை நடையில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் சீவிக்க முடியுமா? எண்பத்துநாலிலேயே நான்தான் சவர அலகால் சுரண்டி எடுத்தேன்.

நான் உன்னை நம்பினேன். கோட்டில் முப்பத்தொரு வருசம் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளனாக இருந்து எத்தனை பொய்ச்சாட்சியைப் பார்த்தவன், பெற்ற பிள்ளையின் எழுத்தை மட்டும் இரண்டாம்தரம் பார்க்கவில்லை. உன்னுடைய கடிதத்தை நானே சிங்களத்தில் மொழிபெயர்த்து, கீழே கையெழுத்தும் வைத்து, வேட்டி சால்வையோடு போய் இன்ஸ்பெக்டரின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டுதரம் வாசித்தார். மகனுடைய எஞ்சின் மகனுடைய சைக்கிளிலேயே இருக்கிறதென்றால் மஜீட்டின் எஞ்சினில் இருப்பது பிறகு யாரோ அடித்த கள்ள இலக்கம், ஏன் அடித்தான், யாருக்காக அடித்தான் என்று என்னையே திருப்பிக் கேட்டார். மஜீட்டின் பழைய புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் எழுதிய இடம் ஈரத்தில் அழிந்துபோயிருக்கிறது, கந்தோரில் அதன் பிரதியும் அகப்படவில்லை, அதனால் அவனிடம் காட்டவும் ஒன்றுமில்லை. அன்று பின்னேரமே அவனைக் கூட்டிக்கொண்டு போய் அடைத்துவிட்டார்கள். ஒன்பது நாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அடைக்க வைத்தது என்னுடைய கையெழுத்து.

நாலாம் நாள் அவனுடைய மனைவி றஸ்மியா வீட்டுக்கு வந்தா. சத்தம் போடவில்லை, அழவுமில்லை. "அங்கிள், நீங்க குடுத்த கடதாசியில என்ன ஈந்திச்சி?" என்று மட்டும் கேட்டா. அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா, அது ஆறிப்போய் அப்படியே இருந்தது. எனக்கு நிமிர்ந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய் வலன்ரைனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வெள்ளைக்காரத் துரைமாரின் சைக்கிள்களையெல்லாம் பிரித்துப் பூட்டிய மனிதன். நீ சொன்ன புகைக்குழாய், சீற், தாங்கி ஒவ்வொன்றையும் நான் காட்டக் காட்ட அவருக்குச் சிரிப்பு. "களட்டிப் பூட்டுற சாமான் ஒண்டும் சாட்சி சொல்லாது ஐயா" என்றார். பிறகு குனிந்து சைக்கிள் சட்டத்தின் கழுத்தைத் துடைத்தார், எஸ்.எச். என்று இருந்தது, எஞ்சினைத் துடைத்தார், ரீ.ஆர். என்று இருந்தது. ட்ரயம்ப் கொம்பனியிலிருந்து வரும்போது சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் ஒரே இலக்கம்தான் அடித்து விடுவார்களாம், மஜீட்டின் சட்ட இலக்கம் என்ன என்று கேட்டார். றஸ்மியா கொண்டுவந்த புத்தகத்தில் அது அழியாமல் இருந்தது. எங்கள் நடையில் நிற்கிற எஞ்சினில் உள்ள அதே இலக்கம்.

அதோடு முடிந்ததா? இலக்கத்தைச் சுத்தியல் வைத்திருக்கிற எவனும் அடிக்கலாம் என்றார் இன்ஸ்பெக்டர். அது நியாயமான கேள்விதான், வலன்ரைனும் ஒத்துக்கொண்டார். இலக்கத்தை மாற்றலாம், வயிற்றுக்குள் இருக்கும் கியரை மாற்றுவது லேசில்லை என்று சொல்லி, பிளக்கைக் கழற்றிய ஓட்டைக்குள் சைக்கிள் கம்பி ஒன்றைப் பிஸ்டனில் முட்ட விட்டு, முதலாம் கியரில் போட்டு, சங்கிலியைக் கழற்றிவிட்டு, சங்கிலிப் பல்லை ஒரு சுற்றுச் சுற்றும்போது கம்பி எத்தனைதரம் ஏறி இறங்குகிறது என்று எண்ண வைத்தார். ட்ரயல் எஞ்சின் கல்லிலும் ஓடையிலும் கால் ஊன்றாமல் ஊர்ந்து ஏற வேண்டியது, அதன் முதலாம் கியர் அவ்வளவு மெதுவானது, அதனால் கம்பி கூடுதலான தரம் ஏறி இறங்கும். எங்கள் நடையில் நின்றதில் நான் எண்ணினேன். பொலிஸ் முற்றத்தில் மஜீட்டின் சைக்கிளில் நின்றதை இன்ஸ்பெக்டரே குந்தியிருந்து எண்ணினார், அதில் குறைந்துதான் இருந்தது. அது ரோட்டு எஞ்சின். உன்னுடையது. உன்னிடம் இருப்பது மஜீட்டின் எஞ்சின்.

எப்போது மாறியது என்று எனக்குச் சொன்னது அம்மா. எண்பத்திரண்டில் மஜீட்டுக்குச் செங்கமாரி வந்து களுபோவில ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை கிடந்தான், அவனுடைய சைக்கிள் எங்கள் வீட்டில் நின்றது, அம்மா அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனா, நீ பின்பக்கம் இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் கையெல்லாம் எண்ணெயாகக் கிடந்தாய். அடுத்த கிழமைதான் அவிசாவளை றப்பர் தோட்டத்தில் ட்ரயல் ஓட்டம், நீ முதலாவதாக வந்தாய். அம்மா இதைச் சொல்லிவிட்டு, தூரத்தில் இருக்கிற பிள்ளை, ஏசி எழுதாதேங்கோ என்றும் சொன்னா. ஏசாமல் என்ன செய்ய? பெறுமதியான ஒரு சாமானை எடுத்தாய் என்பதல்ல, நோயாளியாய்க் கிடந்த சிநேகிதனிடம் எடுத்தாய். போகட்டும், இருபத்திரண்டு வயது, புத்தி இல்லை என்று விடலாம். ஆனால் இந்த செப்ரெம்பரில் உனக்கு முப்பத்தாறு வயது. அவன் மாட்டுப்பட்டிருக்கிறான் என்று நான் எழுதிய பிறகும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயே, அதை எனக்கு விட முடியவில்லை.

இனி நடந்ததைக் கவனமாக வாசி. மஜீட் வேலைசெய்யும் அப்புக்காத்து சொன்னார், களவு என்று உண்மையைச் சொன்னால் பதினாலு வருசம் மஜீட் ஏன் முறைப்பாடு செய்யவில்லை என்று கேட்பார்கள், அவனுக்கும் உனக்கும் என்ன தொடர்பு என்று தோண்டுவார்கள், அவனை விடமாட்டார்கள். அதனால் நான் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்திருக்கிறேன். எண்பத்துமூன்று ஆடியில் எங்கள் ஒழுங்கை எரிந்தபோது மஜீட் உன்னுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் ஆறு மாதம் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தான் அல்லவா, அந்த நேரம் இரண்டு எஞ்சினையும் திருத்தவென்று கழற்றி, இரண்டு பேரின் சம்மதத்தோடு என் கண்முன்னால் மாற்றிப் பூட்டினார்கள், புத்தகத்தில் திருத்த மறந்துவிட்டார்கள் என்று சத்தியம் செய்தேன். முப்பத்தொரு வருசம் மற்றவர்களின் சத்தியத்தை ஒரு சொல் கூடாமல் குறையாமல் மொழிபெயர்த்த வாயால் சொன்னேன். கடதாசியில் கையெழுத்து வைக்கமுன் பேனையை மூன்றுதரம் கீழே வைத்தேன், சமாதான நீதவான் எனக்கு வயசு போய்விட்டது என்று நினைத்துத் தண்ணீர் தந்தார். மஜீட்டைப் பிணையில் விட்டார்கள். டிசம்பர் ஒன்பதாம் திகதி வழக்கு. உன்னுடைய செப்ரெம்பர் கடிதத்தின் மொழிபெயர்ப்பு இன்னும் பொலிஸ் கோவையில் இருக்கிறது, அதை நீயே மறுக்காவிட்டால் அவன் திரும்பவும் உள்ளே, பக்கத்தில் நான்.

கோட்டு வாசலில் வைத்து மஜீட்டிடம் கேட்டேன், உனக்கு இது எப்போது தெரியும் என்று. தாடி வளர்ந்து, மெலிந்து, செருப்பில்லாமல் நின்றான். "மொத உதையிலயே வெளங்கிட்டு அங்கிள். என்ட எஞ்சினுட சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றான். எண்பத்துமூன்றில் ஆறு மாதம் இரண்டு சைக்கிளும் உன்னுடைய முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றனவே, சாவியும் உன் கையில், திருப்பி மாற்றியிருக்கலாமே என்றேன். "அவன் வந்து சொல்லுவான்னுதான் பாத்துட்டு இரிந்தன்" என்றான். பொலிசில் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டதற்கும் அதே பதில்தான் அங்கிள் என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

ஆகவே நீ இரண்டு கடிதம் எழுதவேண்டும். ஒன்று கோட்டுக்கு. அப்புக்காத்து ரைப் அடித்துத் தந்த வாசகம் இதனுள் இருக்கிறது, ஒரு எழுத்தும் மாற்றாமல், வகை விளக்கம் எதுவும் சேர்க்காமல், லண்டனில் எங்கள் உயர் ஸ்தானிகராலயத்தில் முத்திரை குத்தி இம்மாதம் முடிவதற்குள் அனுப்பு. அது பொய், அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது, நான் சுமக்கிறேன். மற்றது உண்மை. அதை எனக்கு எழுதவேண்டாம், எனக்குத் தெரியும்.

மார்புச் சளிக்கு அசட்டையாக இராதே, பேரனுக்குத் தமிழ் சொல்லிக்கொடு, அம்மாவுக்கு இரண்டு வரியாவது தனியாக எழுது. எவ்வளவு கோபமென்றாலும் நீ எங்கள் பிள்ளை, பிள்ளையார் உன்னையும் உன் குடும்பத்தையும் காக்கட்டும். மஜீட்டின் வீட்டு விலாசம் மாறவில்லை.

அன்பும் ஆசியும்,
அப்பா
இ. நமசிவாயம்