மாடியில் இருந்த ஒரே மெழுகுவர்த்தி

பிர்லாத்,
வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

இலிங்கா எழுதுவது. எதையும் கூட்டாமல், எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். படித்துவிட்டுச் சித்தியைக் கோபிக்கக் கூடாது.

நான் நலம். வரலாற்றில் நல்ல மதிப்பெண். பள்ளி விட்டதும் முதியோர் இல்லத்துக்கே வந்துவிடுகிறேன். வேலை முடிந்ததும் சவேதா சித்தியோடு வீட்டுக்குப் போவேன். இதையும் கவ்ரில் தாத்தாவின் கட்டிலருகே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

முன்பு இந்த மாடியைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் இருந்தீர்கள். நீ இத்தாலிக்குப் போனாய், தோம்னிகா ஜெர்மனிக்குப் போய்விட்டாள். இப்போது சித்தி மட்டும்தான். ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது இன்னொருவர் மணி அடிப்பார். அவரிடம் ஓடினால் அடுத்தவரின் சூப் ஆறிவிடும்.

செவ்வாய்க்கிழமை சித்தி கடைசி அறையில் ஒருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கவ்ரில் தாத்தாவின் மூச்சு கரகரவென்று இழுத்து, நின்றது. உயிர் பிரியும்போது கையில் மெழுகுவர்த்தி எரியாமல் யாரும் போய்விடக் கூடாது, போனால் இருட்டில் வழி தெரியாமல் அலைவார்கள் என்று நீதானே சொல்வாய். நீ இருந்தவரை இங்கே யாரும் அப்படிப் போனதில்லை. இழுப்பறையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி இருந்தது. ஏற்றி அவர் விரல்களுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு சித்தியைக் கூப்பிட்டேன்.

சித்தி ஈரக்கையோடு ஓடி வருவதற்குள் தாத்தா கண் திறந்துவிட்டார். வெறும் தூக்கம்தான். சுடரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏண்டி குட்டி, என்னை அனுப்பிவைக்கவே வந்துட்டியா? சூப்பாவது குடிச்சிட்டுப் போறேனே."

"ஒரு கட்டில் குறையும்னு ஆசையா ஓடி வந்தேன், கெடுத்துட்டீங்களே" என்றாள் சித்தி.

வெகுநாள் கழித்துச் சித்தி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து அறையில் ருக்சாந்திரா அம்மாள் போய்விட்டார். மணி அடித்தாரோ என்னவோ, எங்கள் சிரிப்பில் கேட்கவில்லை. சித்தி சூப்போடு போனபோது அவர் கை மணியின் மேலேயே இருந்தது. மெழுகுவர்த்தி இங்கே, தாத்தாவின் மேசையில் புகைந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து தாழ்வார விளக்குகளை அணைக்கச் சித்தி யாரையும் விடுவதில்லை. அந்த அம்மாளுக்கு வழி தெரியட்டும் என்கிறாள். வீட்டில் பாத்திரம் கழுவும்போது சட்டென்று நிறுத்தி, "மணி அடிக்குது, கேக்குதா?" என்கிறாள். எனக்கும் கேட்கிறது, அம்மா.

பாதுவாவில் நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலும் ஆள் பற்றவில்லை, கிளம்பி வா என்று சித்திக்கு நீ எழுதியதைப் படித்தேன். அலமாரி மேலிருந்த சித்தியின் பயணப்பெட்டி கீழே இறங்கிவிட்டது. கவ்ரில் தாத்தா மெழுகுவர்த்தியின் மிச்சத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். "இவளும் போயிட்டா இதை யாருடி பிடிப்பா?" என்று கேட்டார். நான் புத்தகப் பையில் தீப்பெட்டி வைத்திருக்கிறேன்.

சித்தியைக் கூப்பிடாதே அம்மா. அவளும் போய்விட்டால், சாயங்காலம் நான் யாருக்காகக் காத்திருப்பேன்? கடவுள் உன்னை எப்போதும் வெளிச்சத்தில் வைத்திருக்கட்டும்.

உன் மகள்,
இலிங்கா

பி.கு.: மின்கட்டணம் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு இல்லப் பொறுப்பாளர் மாடிக்கு வந்தார். சித்தி இன்று தடுக்காமல் ஒதுங்கி வழிவிட்டாள். தாழ்வார விளக்குகளை இப்போது அணைத்துவிட்டார்கள்.