வாப்பாவின் காதும் பிஸ்கட் டின்னும்

கல்முனை
2010.07.11

அன்பு மகன் றஸ்மி,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே யாருக்கும் காய்ச்சல் தடிமன் இல்லை, அடுப்பு எரிகிறது, அல்ஹம்துலில்லாஹ். அங்கே உன் உடம்பும் வேலையும் அல்லாஹ்வின் காவலில் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். டெலிபோன் இருக்கும்போது உம்மாவுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். டெலிபோன் எப்போதும் வாப்பாவின் கையில். அவர் அந்த ஆம்பிளிபயரைப் பற்றி உன்னோடு கதைத்து முடிப்பதற்குள் உன் கார்ட் முடிந்துவிடும், எனக்கு மிஞ்சுவது ஸலாம் மட்டும். போதாக்குறைக்கு இந்த மாடி வீட்டில் ஒரு அறையில் முணுமுணுத்தால் மற்ற அறையில் கேட்கும். அதனால்தான் பக்கத்து வீட்டு ஸைனம்புவின் மகன் மசூர் லீவு முடிந்து நாளைக்கு டோஹாவுக்குத் திரும்பும்போது அவன் கையில் இதைக் கொடுக்கிறேன். நான் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். (காக்கா, நுஸ்ஹாதான். உம்மா சொல்வதில் பாதி பெருமூச்சு. அதற்கு எழுத்து இல்லாததால் விட்டுவிட்டேன்.)

கடைசியாய்க் கதைத்தபோது, கொம்பனியை விட்டுவிட்டு வருகிறேன், வாப்பாவோடு சேர்ந்து ஸ்பீக்கர் கடையைத் திரும்பத் திறப்போம் என்று சொன்னாயாம். சுனாமியில் கடலுக்குப் போன கடையின் பெயர்ப்பலகையை எந்த நிறத்தில் எழுதுவது என்றுகூட வாப்பா என்னிடம் கேட்டுவிட்டார். மகன், இதை முழுக்க வாசிக்காமல் கொம்பனிக்கு ஒன்றும் எழுதிக் கொடுத்துவிடாதே.

நீ அனுப்பிய அந்த உள்ளங்கையளவு ஆம்பிளிபயர் வந்த நாளை முதலில் சொல்லிவிடுகிறேன். வாப்பாவின் பழைய செட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், அதன் சூட்டில் நான் மிளகாய் காய வைத்திருக்கிறேன். இது கிளாஸ் டி வகையாம், சுடவே சுடாதாம். சீனாக்காரன் விளையாட்டுச் சாமான் அனுப்பியிருக்கிறான் என்று வாப்பா சிரித்தார். பிறகு குர்ஆன் ஓதும் கிராஅத் கசெட் ஒன்றைப் போட்டார். ஓதுகிறவர் ஆயத்துக்கு ஆயத்து மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது மகன். கடல் வந்த பிறகு எங்கள் வீட்டில் அப்படியொரு அஸர் நேரம் இருந்ததில்லை. கசெட் முடிந்தது. வாப்பா சத்தத்தை முழுக்கத் திறந்து வைத்து, ஒன்றும் ஓடாமலே ஸ்பீக்கர் பெட்டியில் காதை ஒட்டினார். “ஸ்ஸ்ஸ் எண்டு இரையுது புள்ள, இது சரிப்படாது, கொஞ்சம் கை வெக்கணும்” என்றார். அன்று தொடங்கியது. பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றினார். செத்த டிவிகளிலிருந்து கெப்பாசிட்டர் பிடுங்கி ஈயம் பற்றவைத்தார். கரண்டில்தான் அழுக்கு வருகிறது என்று மோட்டார் சைக்கிள் பெட்டரியில் இணைத்தார். பிறகு காற்றில் திரியும் ரேடியோ அலையெல்லாம் அதற்குள் நுழைகிறது என்று, பெருநாள் பிஸ்கட் டின்னைக் காலியாக்கச் சொல்லி அதற்குள் வைத்து மூடினார். இரண்டு நாளாய் எங்களுக்குச் சோற்றுக்குப் பதிலாய் பிஸ்கட். ஒவ்வொரு முறையும் காதை ஒட்டுவார், ஒவ்வொரு முறையும் இரையுது என்பார். (கிளாஸ் டீ என்றால் ஐந்து நிமிசத்தில் ஆறிவிடும் காக்கா. இந்தக் கிளாஸ் டி ஆறு மாதமாகியும் ஆறவில்லை.)

நாட்டில் சண்டை முடிந்த பிறகு ஊரில் கலியாணமும் விழாவும் பழையபடி விடிய விடிய நடக்கின்றன. செட் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். காரைதீவு நல்லரெத்தினம், முன்பு கோயில் திருவிழாவுக்கு எங்கள் செட்டைத்தான் கொண்டுபோவாரே, அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, “காக்கா, இனி ஆமி வந்து பாட்ட நிப்பாட்டு எண்டு சொல்லமாட்டான், நீங்க வந்து கட்டுங்க” என்றார். இரையுற செட்டைக் கொண்டுபோய் சபையில வைக்கமாட்டன் தம்பி என்றார் வாப்பா. அவரும் குனிந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்டும் கேக்கல்லையே காக்கா” என்றார். “கோயில் மணிக்குப் பக்கத்துல நிண்டு நிண்டு உனக்குச் செவிடு” என்று வாப்பா சொல்ல, “அப்ப உங்களுக்குப் பாங்குக் குழாய்க்குப் பக்கத்துல நிண்டு பாம்புக் காதாக்கும்” என்று அவர் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அவர் போன பிறகு வாப்பா சாப்பிடவில்லை. ஸைனம்பு தன் மகள் கலியாணத்துக்குக் கேட்டபோதும் இதே பதில்தான். ஆறு மாதமாய் அவர் ஒரு வீட்டுப் படியும் ஏறி வேலைக்குப் போகவில்லை.

எனக்கும் அந்தப் பெட்டியில் ஒன்றும் கேட்டதில்லை. நான் சமையலறையில் கிடக்கிறவள், எனக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். போன கிழமை தங்கச்சி ஒரு குறும்பு செய்தாள். இந்த இடத்தை எழுதமாட்டேன் என்று இப்போது பேனையை வைத்துவிட்டாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன். வாப்பா தொழுகைக்கு ஒளூச் செய்யப் போன நேரம் பார்த்து, பெட்டிக்குப் பின்னால் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி விட்டிருக்கிறாள். டின்னுக்குள் சின்ன லைட் மட்டும் எரிகிறது. வாப்பா வந்து காதை ஒட்டுவார், சத்தம் போயிட்டு என்று துள்ளுவார், அப்போது வயரைக் காட்டிச் சிரிக்கலாம் என்பது அவள் திட்டம். எனக்குக் கண்ணைக் காட்டினாள், நானும் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். வாப்பா வந்தார். காதை ஒட்டினார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் அப்படியே இருந்தார். பிறகு, “கொஞ்சம் குறஞ்சிரிக்கி. ஆனா இரிக்கி” என்றார். தங்கச்சி முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். வாப்பா அடுத்த கெப்பாசிட்டரைத் தேட எழும்பியதும் அவளே வயரைத் திரும்ப மாட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போதுதான் மகன் எனக்கு ஒவ்வொன்றாய் நினைவு வந்தது. வாப்பா தண்ணீருக்குள் புரண்டு வயல் பக்கம் ஒதுங்கி உயிரோடு வந்து சேர்ந்தாரே, அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் இருந்த நாளெல்லாம், யார் குழாயைத் திறந்து விட்டது என்று எழும்பிப் போய்ப் போய்ப் பார்ப்பார். எந்தக் குழாயும் திறந்திருக்காது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு பிரிஜ் இரைகிறது என்று அதைக் கழற்றி விடுவார், மேலே சுற்றும் பேன் இரைகிறது என்று நிறுத்திவிட்டு வேர்வையில் படுப்பார். நான் அதை மனக்குழப்பம் என்று எண்ணி யாஸீன் ஓதி ஊதினேன். அந்த இரைச்சல் பெட்டியில் இல்லை, பேனில் இல்லை. கடல் வந்து அவர் காதுக்குள் இருந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வாப்பாவைக் கூப்பிட்டால் என்னத்துக்கு என்று கேட்பார் என்பதால், எனக்குக் காதுக்குள் குத்துகிறது என்று சொல்லி நானே போனேன். டொக்டர் லைட் அடித்துப் பார்த்து, “உங்கட காதுல ஒண்டுமில்ல உம்மா” என்றார். பிறகு உண்மையைச் சொன்னேன். இவ்வளவு வருசம் தங்கிவிட்ட சத்தம் இனிப் போவது கஸ்டம், ஆளைக் கூட்டி வாருங்கள், அதோடு பழகிக்கொள்ளச் சொல்லித் தரலாம் என்றார். பழகிக்கொள்ள.

எப்படிச் சொல்வது மகன்? இரைச்சல் பெட்டியில் இருந்தால் வாப்பாவுக்கு நாளைக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது, ஒரு வயர், ஒரு கெப்பாசிட்டர், இன்னொரு டின். அது காதில் என்றால் திருகாணி எங்கே இருக்கிறது கழற்ற? சத்தம்தான் அவர் தொழில், சத்தம் பார்க்கிறவர் என்றுதான் ஊர் அவரை அறியும். சொல்லாமல் இருந்தாலோ அவர் அந்த டின்னுக்குள்ளேயே அடங்கிப்போவார். இரண்டும் உயிர் போகிற மவுத்துப் போலத்தான் தெரிகிறது. நான் இரவு பகலாய் யோசித்தும் ஒரு வழியும் தெரியவில்லை. நேற்றுத் தங்கச்சி டியூசன் போயிருந்த நேரம், வாப்பா என்னைக் கூப்பிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தினார். “ஸாலிஹா, பொய் சொல்லாம சொல்லு, ஒனக்குக் கேக்குதா?” என்றார். நான் காதை வைத்தேன். மரப்பெட்டியின் மணம்தான் வந்தது, வேறு ஒன்றுமில்லை. “ஓம், கேக்குது” என்றேன். வாப்பா அப்படியே சுவரில் சாய்ந்து, “அல்ஹம்துலில்லாஹ். அப்ப எனக்கு இன்னும் விசர் புடிக்கல்ல, மூள கலங்கல்ல” என்றார். அவருக்கு வந்த சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. நானே அவரை அந்த டின்னுக்குள் வைத்து மூடிவிட்டேன். இனி இந்த வீட்டில் தினமும் எனக்கும் இரைய வேண்டும்.

ஆகையால் மகன், கடைக்கு என்று நம்பி வேலையை விட்டுவிட்டு வராதே. வாப்பா எந்தச் சபைக்கும் செட் கட்டப் போவதில்லை, நீ வந்து பக்கத்தில் இருந்தால் ஒரு நாளைக்கு உன் வாயிலிருந்தே உண்மை விழுந்துவிடும். ஏன் வரவில்லை என்று அவர் கேட்டால் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லு, பாவம் என் தலையில் இருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை, வெயிலில் வெறும் வயிற்றோடு போகாதே, நோன்பு வருகிறது, விடியுமுன் ஸஹர்ச் சாப்பாட்டை விட்டுவிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும் நல்ல செவியையும் நல்ல வாழ்வையும் தரட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. வருகிற வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் வாப்பா உனக்குப் போன் எடுத்து, போனைப் பெட்டியில் ஒட்டிப் பிடிக்கப் போகிறார். என் சொல் அவருக்குப் பாதிதான் சரி, றஸ்மிட காது சின்னதிலிருந்தே சுத்தம், அவன் சொன்னாத்தான் முடிவு என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். ஒன்றும் கேட்காது மகன். கேட்கிறது என்று சொல்லு.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற உம்மா
ஸாலிஹா