சிவப்பாகவே நின்ற கட்டம்

என்னங்க,

டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன்.

மாமாவுக்கு நேற்று மாத்திரை கொடுக்கவில்லை என்று குதித்தீர்களே, மாத்திரைக் கணக்குக்கு நீங்கள் போட்ட எக்செல் தாளை இப்போதுதான் பார்த்தேன். கட்டத்தில் 'ஆச்சு' என்று இருந்தால் மட்டும் பச்சையாகும்படி விதி போட்டிருக்கிறீர்கள். நான் 'கொடுத்தாச்சு' என்று அடித்ததால் சிவப்பாகவே நின்றுவிட்டது. நல்லவேளை, நீங்கள் நீட்டிய இரண்டாவது மாத்திரையை மாமா, "டேய், ஒரு வேளைக்கு எத்தனைடா?" என்று தள்ளிவிட்டார். 'கொடுத்தாச்சு'வுக்கும் பச்சை வரும்படி இன்னொரு விதி சேர்த்துவிட்டேன்.

நான் கத்தியதற்கு மன்னித்துவிடுங்கள். நீங்கள் கத்தியதற்குச் சாயங்காலம் நேரில் மன்னிப்புக் கேளுங்கள்.

பி.கு.: காலை மாத்திரையை மாமாவே பதிந்தார். "பச்சை வந்துடுச்சும்மா!" என்று ஒரே துள்ளல். அந்த உற்சாகத்தில் அடுத்த நாலு நாளுக்கும் 'ஆச்சு' அடித்து வைத்திருக்கிறார். கோபிக்காமல் அழித்துவிடுங்கள்.