காரணம் என்ற இடத்தில்

மார்ச் 2, திங்கட்கிழமை, காலை ஒன்பதே முக்கால். ஐந்தாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள், நான்கு ஜன்னல்கள். காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின்களை எங்கே மாட்டுவது என்று டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன் அக்கா. தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்று திரும்பியது. அழுகிய முட்டைக்கோசை வார்னிஷில் ஊறவைத்தது போல அதே நாற்றம். ஜன்னலோரம் இருந்த நான்கு பிள்ளைகள் எழுந்தார்கள், மூடினார்கள், உட்கார்ந்தார்கள். யாரும் மூடச் சொல்லவில்லை. டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பக்கூட இல்லை. வாய்ப்பாடு மாதிரி இதையும் பழகிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவது வரிசையில் உன் பெண் இருமிக்கொண்டிருந்தாள்.

தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம் கல்யாணமாகிப் போன நீ, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியானதும் செய்த முதல் வேலை, சிதம்பரத்துக்கு வந்து என்னைப் பிடித்து உட்காரவைத்ததுதான். "எஸ்டிமேட் போடுடா. படிச்சதுக்கு எதாவது பிரயோஜனம் வேணாமா?" தூசிக்குச் சல்லடை, நாற்றத்துக்குக் கரி அடுக்கு என்று படம் வரைந்தேன். "அடுப்புக் கரியா?" என்றாய். அதுக்கு அண்ணன் என்றேன். "அண்ணனுக்கு ரேட்டு ஜாஸ்தியா இருக்கே" என்று சிரித்தாய்.

அந்தப் பணத்துக்காக மஞ்சக்குப்பம் கலெக்டர் அலுவலகத்துக்கு எத்தனை நடை. ஒருநாள் நிதி தரப்போகும் தொழிற்பேட்டைக் கம்பெனி ஆள் ஒருவரும் வந்திருந்தார். நல்ல சட்டை, நல்ல தமிழ். "பிள்ளைகளுக்கு எதிர்ப்பு சக்தி குறைவும்மா, சத்தான சாப்பாடு கொடுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ கேட்டுவிட்டாய்: "எம் பொண்ணு லீவுல சிதம்பரத்துல அம்மா வூட்டுல இருந்தா இருமுறதே இல்ல சார். அங்கயும் இதே சோறுதான் துன்றா. இங்க கிளாஸ்ல வந்து ஒக்காந்தாதான் இருமுறா. நோஞ்சான் அவளா, உங்க காத்தா?"

அவர் போனைப் பார்த்தார். வெளியே டீக்கடையில் நான் குதித்தேன். "உன் கோவத்த அந்த மெஷின்ல வுட்டா பில்டர் அடச்சிக்கும்டா. டீயக் குடி" என்றாய்.

அந்த மழைக்காலத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது. காற்றால்தான் போனாய் என்று எழுதினால் பணம் சீக்கிரம் வரும் என்று இரண்டு பேர் எனக்கு யோசனை சொன்னார்கள். எழுதவில்லை. உன் சாவை வைத்துப் பொய் சொல்ல எனக்கு வராது.

இப்போது பணம் தயார். மனுவைக் கம்பெனிக்காரர்களே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள். 'காரணம்' என்ற இடத்தில் ஒரே வரி: 'உடல்நலம் குன்றிய மாணவர்களின் நலன் கருதி.' கூடவே அந்த மாணவர்களின் பட்டியல். முதல் பெயர் உன் பெண்ணுடையது. புகைபோக்கி சுத்தம், பிள்ளைகள்தான் பழுது. நீ போனபின் குழுவைப் பார்த்துக்கொள்ளும் உன் வீட்டுக்காரர், மாமாதான், குழு சார்பாக இதில் கையெழுத்துப் போட வேண்டும். நிதியாண்டு முடிய நான்கு வாரம்தான் இருக்கிறது.

"போட்டுட்டுப் போலாம் மச்சான், மெஷின் வரட்டும். பேருல இன்னா இருக்கு?" என்றார் மாமா.

"நாளைக்கி எவனாவது கேஸ் போட்டா, இந்தக் காகிதத்தத்தான் காட்டுவான். பிள்ளைங்க முன்னாடியே நோயாளிங்கன்னு."

"அவ இருந்தா கையெழுத்துப் போட்டிருப்பா."

"அவ இருந்தா கிழிச்சிப் போட்டிருப்பா."

உண்மை என்ன தெரியுமா? நீ என்ன செய்திருப்பாய் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் கோபம். கேட்க வேண்டிய நேரத்தில் நீ இல்லை. ஒன்று மட்டும் தெரியும்: அன்று அந்த ஆளிடம் நீ கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அவர்கள் அனுப்பிய வரி அந்தக் கேள்வியைப் புதைக்கிறது. அதில் மாமாவைக் கையெழுத்துப் போடவிட மாட்டேன்.

செய்யப்போவது:

1. அந்த வரியை அடித்துவிட்டு 'வகுப்பறைக் காற்று கெட்டிருப்பதால்' என்று எழுதி, மாமாவை உட்காரவைத்துப் பேசி, கையெழுத்து வாங்குவேன். கத்த மாட்டேன். முயற்சி செய்வேன்.

2. மஞ்சக்குப்பத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குவேன். கம்பெனி மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்பேன்.

3. பணம் வராமல் போனால், சல்லடையும் கரியும் வைத்து ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் ஒரு பெட்டியை நானே கட்டுவேன். மற்ற வகுப்புகளுக்கு இல்லை என்பதை அதன் மேலேயே பெரிதாக எழுதிவைப்பேன். வருகிறவன் படிக்கட்டும்.

4. இது இன்று சாயங்காலமே. உன் பெண் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டாள். "மாமா, எனக்கு இன்னா வியாதி?" என்று என்னைக் கேட்டாள். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். போய்ச் சொல்ல வேண்டும்.