ஷமீமாவும் சிவப்புப் பொத்தானும்

இன்று காலை ஈயம் உருகும் வாசனை வீடு முழுவதும் பரவியது. தேநீர்க் கோப்பையைக்கூடத் தட்டில்லாமல் வைக்க நான் அனுமதிக்காத சாப்பாட்டு மேசையில், பொம்மைக் கரடியின் அறுந்த ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். விரலைச் சுட்டிருக்கிறது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நீ போனதிலிருந்து எனக்கு எல்லாமே தாமதமாகத்தான் தெரிகிறது.

இது உன் வாசனையடி, சிநேகிதி. என் கணவர் இறந்த பிறகு, "வெள்ளிச் சாமானத் தொடைச்சது போதும், கெளம்புடி" என்று ஓசூரில் நீ நடத்திய சிறப்புக் குழந்தைகளின் விளையாட்டு அறைக்கு என்னை இழுத்துப் போனாய். தொழிற்பேட்டையில் கழித்துப்போட்ட பெரிய பொத்தான்களை வாங்கி வந்து கடைப் பொம்மைகளோடு இணைப்பாய். பொம்மையின் சின்ன விசையைத் தள்ள முடியாத கை, அந்தப் பொத்தான்மேல் விழுந்தால் போதும். கரடி மேளம் கொட்டும்.

அங்கே வரும் சிறுமி ஷமீமாவுக்குக் கொடுத்தது, ஆபத்தில் இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தான். இருந்ததிலேயே அதுதான் பெரியது. உத்தனப்பள்ளியிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பா பேருந்தில் வருவார். ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் வேலை அவருக்கு. சனிக்கிழமைதோறும் அவள் கை பொத்தானின் அருகே வரும், நிற்கும், திரும்பிவிடும்.

"இவளுக்குப் புரியலீங்கம்மா. லீவு கேட்டா சூப்பர்வைசர் கத்துறாரு. இனிமே வர முடியாதுங்க" என்றார் ஒரு நாள்.

"வீட்டுல செவப்பு சுவிட்சு இருந்தா என்ன சொல்லுவீங்கண்ணா?" என்று கேட்டாய்.

"தொடாதேம்பேன். கம்பெனியில செவப்பத் தொட்டா மொத்த லைனே நின்னுடுங்களே!"

"அப்பறம் புரியலன்னா எப்படி? நீங்க சொன்னதத்தான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா."

பச்சைப் பொத்தானாக மாற்றலாம் என்று நான் எழுந்தேன்.

"உக்காருடி கான்வென்ட்டு. அவங்கப்பா மொதல்ல அழுத்தட்டும்" என்றாய், வழக்கமான கேலிப் பெயரில்.

அவர் கையும் பாதியில் நின்றது.

"அழுத்துங்கண்ணா, லைன் நிக்காது" என்று சிரித்தாய்.

அழுத்தினார். கரடி கொட்டியது. ஷமீமா அப்பாவைப் பார்த்தாள், பொத்தானைப் பார்த்தாள். நெடுநேரம் கழித்து அவள் முஷ்டி மெல்ல அதன்மேல் இறங்கியது. அதன் பிறகு அவர் ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை.

உன் உடலை எடுத்துச் சென்ற அந்த வாரமும் வந்தார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன், பேருந்து நேரத்தைச் சொல்வதுபோல.

"அந்தம்மா இல்லாம இது நடக்குங்களா?" என்றார்.

கரடியோடு பொத்தானை இணைத்து வைத்தேன். ஷமீமா அழுத்தினாள், நீ உட்காரும் முக்காலியைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள், பார்த்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

தரையை ஒட்டிய அந்த முக்காலியில் நான் ஒருபோதும் உட்கார்ந்ததில்லை. மூட்டுவலி என்று சொல்லிக்கொள்வேன். அன்று அதை இழுத்து அவள் கண்ணுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன்.

"பையக் கீழ வைங்க. இன்னும் நேரம் முடியல" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுத்தினாள்.

அழுகை இன்னும் வரவில்லையடி. சனிக்கிழமைகளில் உன் முக்காலியில்தான் உட்கார்கிறேன். எழுந்திருக்க முடிவதில்லை. ஷமீமாவின் அப்பா கை கொடுக்கிறார், பிடித்துக்கொள்கிறேன்.