அனகங்காட்டு முத்தையன்

1943 மார்ச் 4

பள்ளிக்கூடத்தில் ஜப்பான் கணக்குப்படி வருஷம் 2603 என்று எழுதச் சொல்கிறார்கள். அது அங்கே. இது என் நோட்டு.

எதிர்வீட்டுப் பொன்னம்மா வந்தார். மலாக்கா செட்டிக் குடும்பம். பேச்செல்லாம் மலாய்தான், நான் தமிழில் குறித்துக்கொள்கிறேன். கோயிலில் அவர்களுடைய வம்ச ஏடு கிடக்கிறதாம். பாதியைக் கறையான் தின்றுவிட்டது. எழுதியிருப்பது தமிழ், படிக்க ஆளில்லை. "ஒங்களுக்குத்தான் தமிழ் வருமே செக்கு, பாத்து எழுதிக் குடுங்களேன்." செக்கு என்றால் அவர்கள் பேச்சில் ஆசிரியர். எனக்கு ஒவ்வொரு தடவையும் எண்ணெய்ச் செக்குதான் ஞாபகம் வருகிறது. சரி என்றேன். கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 7

புள்ளியே வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு எழுதியிருக்கிறார்கள்! 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி. ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விட்டது. என் மாணவர்கள் இப்படி எழுதியிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

மார்ச் 11

அவசரம் ஏன் என்று இன்றுதான் சொன்னார். அவர் மகள் பூங்காவனத்துக்கும் பின் தெருச் சின்னப்பாவின் மகன் சங்கரனுக்கும் கல்யாணப் பேச்சு. ஆனால் இரண்டு வீடும் அப்பாசாமி என்பவரின் வழி. பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, கூடாது என்கிறார்கள் பெரியவர்கள். பொன்னம்மாவின் மாமனார் மட்டும் சாகும்முன் "அந்த வீடு வேற, ஏட்டப் பாரு" என்றாராம்.

இதற்கிடையில் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஆள் பிடித்துப் போகிறார்கள். கல்யாணமான பையன்களை விட்டுவிடுகிறார்களாம். 'ஆம்' போட்ட பேச்சு, யார் கண்டது? ஆனாலும் சங்கரனுக்காக இரண்டு வீடும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 18

கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

அப்பாசாமிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் அனகங்காட்டு முத்தையன், அவர் வழிதான் சின்னப்பா. இளையவர் பழனி, அவர் வழி பொன்னம்மாவின் கணவர். முத்தையன் பெயருக்குப் பக்கத்தில் 'தெங்கேராவில் எடுத்தது' என்றிருக்கிறது. தெங்கேரா இங்கே பக்கத்துப் பேட்டைதான், வீடு கீடு வாங்கியிருப்பார். அனகங்காடு தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ ஊராக இருக்கும்.

ஆக, அண்ணன் தம்பி. பங்காளிதான். போய்ச் சொன்னேன். பூங்காவனம் என் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனாள். பாவி, எனக்கு எதுக்கு இந்த வேலை?

மார்ச் 19

அப்பாசாமியே மலாக்காவில் பிறந்தவர் என்று முதல் தாளில் இருக்கிறது. அவர் பிள்ளைக்கு மட்டும் தஞ்சாவூரில் எங்கிருந்து வந்தது ஓர் ஊர்?

மார்ச் 20

தாளை எடுத்துக்கொண்டு பொன்னம்மாவின் அடுக்களைக்கே போனேன். ஊரையும், நானாகச் சேர்த்த காலையும் 'ட்டு'வையும் மறந்துவிட்டு எழுத்தை மட்டும் வாசித்தேன். அ, ன, க, ங, க, ட. புள்ளியை இடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அனகங்கட... அன்கங்கட... அனகங்கட்...

மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க செக்கு."

சொன்னேன்.

"ஐயோ, அது ஊரில்ல! அனக் அங்கட். எடுத்து வளத்த புள்ள!"

மலாய். தமிழ் எழுத்தில் மலாய்! இத்தனை வருஷமாக மீனும் கீரையும் மலாயில் பேரம் பேசுகிறவள், ஏட்டில் பார்த்ததும் அதை ஊராக்கி, காடாக்கி, தஞ்சாவூருக்கும் அனுப்பிவிட்டேன். தெங்கேராவில் எடுத்தது வீட்டை அல்ல, பிள்ளையை. ரத்தம் வேறு, முறை தடுக்காது. பொன்னம்மா சிரித்தார், அழுதார். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மார்ச் 22

சின்னப்பா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. திருவிழாவில் முதல் திருநீறு அவர் வீட்டுக்குத்தான், மூத்த பிள்ளை வழி என்பதால். வளர்ப்புப் பிள்ளை என்று எழுதிவிட்டால் அந்த மரியாதை பழனி வழிக்குப் போய்விடும்.

"ஊருன்னே இருந்துட்டுப் போகட்டும் செக்கு. யாரு படிக்கப் போறா?"

"அப்ப ஒங்க பையனுக்குக் கல்யாணம்? அவன் லாரியில ஏறுனா என்ன செய்வீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. வாய் எனக்கு. விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். அந்த வரியை எழுதாமல் இடம் விட்டு வைத்திருக்கிறேன். பொய் எழுத எனக்குக் கை வராது. அவர் சம்மதமில்லாமல் எழுதவும் மனம் வரவில்லை.

மார்ச் 25

கடைத்தெருப் பக்கம், ஜாலான் பெண்டஹாராவில் லாரி நின்றதாம். தெங்கேராப் பையன்கள் சிலரை ஏற்றிக்கொண்டு போனார்கள். சங்கரன் கடைக்குள் இருந்ததால் தப்பினான்.

மார்ச் 26

சின்னப்பா மறுபடியும் வந்தார். இன்று உட்கார்ந்தார்.

"எழுதுங்க செக்கு."

அவர் கண் முன்னாலேயே எழுதினேன். ஓர் எழுத்தும் தெரியாத மனிதர், குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "புள்ளியெல்லாம் வெச்சீங்களா? நாள பின்ன யாரும் தப்பாப் படிச்சிரக் கூடாது."

வைத்தேன்.

ஏப்ரல் 15

கல்யாணம் முடிந்தது. சீனி இல்லை, அரிசி போதவில்லை, தலைக்கு ஒரு கைப்பிடிச் சோறு. பூங்காவனம் இன்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

மே 5

மாரியம்மன் திருவிழா. தீபாராதனை முடிந்து பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்தார். பழக்கத்தில் சின்னப்பாவின் கை முன்னால் நீண்டுவிட்டது. தட்டு அவரைத் தாண்டிப் பொன்னம்மாவின் கணவரிடம் போனது. எல்லோரும் பார்த்தோம். நீட்டிய கையை அவர் கீழே போடவில்லை. பக்கத்தில் நின்ற சங்கரனின் தோளில் வைத்துக்கொண்டார்.