ஆமி தந்த தண்ணீர் பவுசர்

கண்டக்குழி
2012.06.03

அன்பு மருமகள் மர்ளியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன், ஒருத்தரும் கேட்கவில்லை. மூடின இராணுவக் காம்பிலிருந்து ஆமி உங்கள் பிரதேச சபைக்குக் கொடுத்த தண்ணீர் பவுசர் லொறி வெள்ளிக்கிழமை இங்கே வந்தது. தேத்தண்ணீரின் மேல் எண்ணெய் ஏழு நிறத்தில் மிதக்கிறது. பள்ளியில் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்த நாலாயிரம் பேரின் கையிலும் டீசல் நாற்றம். மைமூனா மாமி ஒரு மிடறு குடித்துவிட்டுச் சத்தி எடுத்தாள். ச்சீ, மாடுகூட வாய் வைக்காது.

ரிப்பன் வெட்டிப் பவுசரைக் கையளித்த அன்று ஒரு கோப்ரல் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நானா, இதுல டீசல்தான் ஏத்தினது, குடிக்க வேணாம்" என்றான். என்னிடம் மட்டும்தான் சொன்னான்.

கையெழுத்து வைத்துப் பவுசரைப் பாரம் எடுத்தது நீதான் என்றாலும் பயப்படாதே. நான் இருக்கிறேன்.

நூஹு மாமா

பாலாவி
2012.06.12

மாமாவுக்கு ஸலாம்.

ஆமியின் பத்திரத்தில் "குடிநீர் பவுசர்" என்று இருக்கிறதாம். ஆகவே டீசல் என் பொறுப்பில் உள்ள சபைக் களஞ்சியத்தில்தான் சேர்ந்ததாம். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அனுப்ப முன்னமே பவுசரைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். கழுவக் கழுவப் பெயிண்டுக்குக் கீழிருந்து கறுப்பாக வந்தது. அன்றே சபையில் எங்கள் பெரியவரிடம் சொன்னேன். "பேப்பர்ல தண்ணி பவுசர் தானே, அனுப்புங்க" என்றார். இப்போது வாக்குமூலம் எடுக்கும்போது அதை ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. உங்கள் கோப்ரலைப் பற்றிச் சொன்ன பிறகுதான் பேனையை எடுத்தார்கள்.

அப்பவே எனக்கு ஏன் சொல்லவில்லை, மாமா? அது போகட்டும். திங்கட்கிழமை விசாரணை. அவருடைய பேரை எழுதி அனுப்புங்கள். அவர் இல்லாவிட்டால் என் வேலை போய்விடும்.

மர்ளியா

கண்டக்குழி
2012.06.15

மகள் மர்ளியா,

நாற்றம் உண்மை. எண்ணெய் உண்மை. மைமூனா இன்னும் ஒழுங்காகச் சோறு தின்னவில்லை, அதுவும் உண்மை. நாலாயிரம் பேர் இல்லை, நாற்பது பேர்.

கோப்ரலின் கதையைக் கடை கடையாகச் சொல்லி அவனுக்கு மீசையும் வைத்துவிட்டேன். நீ கேட்டதும் ஒரு பேரும் எழுதினேன். பிறகு வெட்டினேன். அந்தப் பேரில் யாரோ பெற்ற பிள்ளை ஒன்று ஆமியில் இருக்கும், அதைப் பிடித்து இழுப்பார்கள். என்னை நினைக்க எனக்கே குமட்டுகிறது.

திங்கட்கிழமை நானே வந்து, உன் வாக்குமூலத்தில் உள்ள பொய் என்னுடையது என்று சொல்கிறேன். அதனால் நீ தப்புவாயா, இன்னும் மாட்டுவாயா தெரியாது. என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை என்றால் பார்க்காதே.

கையளித்த அன்று நான் அந்தப் பக்கம் வரவேயில்லை, மகள். அப்படி ஒரு கோப்ரலும் இல்லை.

நூஹு